நான்காம் கண்ணி

மெதுவாகத் துடித்தால் கண்ணி காலி.
விரைந்து துடித்தால் ஏதோ ஒரு கால் உள்ளே.
துடிப்பே இல்லையென்றால்,
அதற்குக் கையேட்டில் ஒரே ஒரு வரி:
சிக்கியதாகவே கொள்க, கிளம்புக.

அந்த வரியை எழுதியவர்
மைனஸ் முப்பத்தொன்றில்
பூட்ஸுக்குள் கால் நுழைத்திருக்க மாட்டார்.

நாரினுக்குத் தெற்கே, பெயரில்லாத ஓடைக்கு மேலே
பனிச்சிறுத்தைக்கென்று ஏழு கண்ணிகள்.
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும்
சோப்புப்பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர்,
அதன் வயிற்றில் இரண்டு பாட்டரி.
குளிர் தாங்கும் லித்தியம்
அல்மாத்தி சுங்கத்தில் கிடக்கிறது,
இன்னும் ஒரு காகிதம் வேண்டுமாம்.
சந்தையில் வாங்கிய சாதாரணத்தை
நம்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் அவற்றோடுதான் தூங்குகிறேன்.
இடது அக்குளில் நான்கு, வலதில் நான்கு,
மீதி காலுறைக்குள்.
புரண்டால் விலா எலும்பில் உருளும்.
மெதெர்பெக் சிரிக்கிறான்:
"புருல்சா அடைகாக்கிறாள்.
வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்,
ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் கத்தும்."

இரண்டே முக்காலுக்கு நான்காம் கண்ணி நின்றது.
ஹெட்போனில் வெறும் இரைச்சல்,
தூரத்தில் யாரோ தானியம் புடைக்கிற மாதிரி.

"போன வாரமும் இரண்டு முறை இப்படித்தான்.
செத்த பாட்டரி, சாகாத நாம்"
என்றான் போர்வைக்குள்ளிருந்து.
சொல்லிக்கொண்டே பெல்ட்டைத் தேடினான்.

குதிரைகள் மறுத்த இடத்திலிருந்து நடந்தோம்.
மூக்கு மயிர் ஊசியாய் நின்றது.
பேசியது வாயை விட்டு வந்ததும் வெளுத்து
அவரவர் புருவத்தில் ஒட்டிக்கொண்டது.
மயக்க மருந்து உறையாமலிருக்க
அவன் அதைத் தொப்பிக்குள் வைத்திருந்தான்.
எனக்கு வழியெல்லாம் ஒரே கணக்கு:
கம்பி இறுகிய பாதத்துக்கு
இந்தக் குளிரில் எத்தனை நிமிடம்?

டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக் கண்கள்.
மெதெர்பெக் ஊதுகுழாயில் ஊசியைச் செருகினான்.

வால் ஆடியது.
வாருங்கள் வாருங்கள் என்கிற ஆட்டம்.

அஷிர்பாயின் நாய்.
"என் ஆட்டைத் தின்கிறவனுக்கு
நகை மாட்டவா வந்தீர்கள்?" என்று
இலையுதிர் காலத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்ட
அதே அஷிர்பாய்.
நாய்க்கு அதெல்லாம் தெரியாது.
மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுகிறவனைப் போல
முன்னங்காலை நீட்டியது.

கம்பியைத் தளர்த்தினேன். பாதம் மரக்கட்டை.
விரலிடுக்கில் பனிக்கற்கள்.
கோட்டைத் திறந்து
பாட்டரிகளை அப்படியே பனியில் உதறிவிட்டு
அந்தப் பாதத்தை அக்குளில் வைத்து அழுத்தினேன்.
கத்தினேன். நாய் கத்தவில்லை.
என் முகத்துக்கு நேரே
ஆட்டுக்கொழுப்பு வாசத்தோடு மூச்சுவிட்டது.

மெதெர்பெக் பனியைக் கிளறிப் பொறுக்கினான்.
ஏழுதான் கிடைத்தது.

விடியும்போது அஷிர்பாயின் வாசலில் நின்றோம்.
மூன்று காலில் நாய் எங்களுக்கு முன்னால் ஓடியது.
அவர் நன்றி சொல்லவில்லை. திட்டவுமில்லை.
உப்புப் போட்ட தேநீர் வந்தது.
இரண்டாம் கோப்பைக்குப் பிறகு கேட்டார்:
"உங்கள் பெட்டி கத்தவில்லையா?"
"உறைந்துவிட்டது."
"அப்புறம் எதற்கு வந்தீர்கள்?"

கையேட்டின் வரியைச் சொன்னேன்.
ரஷ்ய மொழியில் உத்தரவாக இருந்தது
கிர்கிஸில் சொன்னபோது
யாரோ உறவுக்காரரைப் பற்றிய கவலை போலக் கேட்டது.
அவர் மூன்றாவது கோப்பையை ஊற்றினார்.

கூடாரத்துக்கு வந்து
சட்டைப்பையில் போட்டிருந்த
நான்காம் கண்ணியின் செத்த பாட்டரியை
மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி நான்கு ஒன்று.
சாகவில்லை. மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

பதிவேட்டில் மெதெர்பெக்கின் கையெழுத்து:
நான்கு. சத்தமில்லை. நாய்.
காரணம் என்ற கட்டத்தில் முதலில் குளிர் என்று எழுதி,
அடித்து,
மறுபடியும் குளிர் என்றே எழுதியிருந்தான்.

எட்டாவது பாட்டரி
இன்னும் மேலேதான் எங்கோ கிடக்கிறது.